ஹார்டு குரோம் என்று சொல்லிப் பளபளப்பு மட்டும் பூசித் தருகிறார்கள், பம்ப்காரர்கள் கவனம்

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் கஞ்சிக்கோடு, வாளையார், கொழிஞ்சாம்பாறை பக்கம் பம்ப் சர்வீஸ் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லை தாண்டியுள்ள பிளேட்டிங் (உலோகப் பூச்சு) பட்டறை ஒன்று, பெயர் வேண்டாம்.

கூலிங் டவர் பம்ப் ஒன்றின் ஷாஃப்ட் ஸ்லீவில் (சுழலும் தண்டின் மேல் மாட்டும் உறை), மெக்கானிக்கல் சீலின் (தண்டோரம் தண்ணீர் கசியாமல் தடுக்கும் பாகம்) ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம், உட்காரும் இடத்தில் பள்ளம். பம்ப் ஓடும்போது அந்த ஓ-ரிங் மயிரிழை அளவு முன்னும் பின்னும் அசைந்து, நாளடைவில் ஸ்லீவை அரித்துவிடும். பள்ளம் போகும்வரை கிரைண்டிங் பிடித்து, அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஹார்டு குரோம் (தேய்மானம் தாங்கத் தடிமனாகப் போடும் கடினமான குரோம் பூச்சு) ஏற்றி, மறுபடி கிரைண்டிங்கில் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இதையெல்லாம் சொல்லித்தான் கொடுத்தேன். "பண்ணித் தர்றனுங்ணா, கவலையே படாதீங்க" என்றார் ஓனர்.

திரும்பி வந்த ஸ்லீவ் கண்ணாடி மாதிரி இருந்தது. மாட்டி ஓட்டினோம். மாதம்கூடத் தாங்கவில்லை, சீல் சொட்ட ஆரம்பித்தது. கழற்றினால் ஓ-ரிங் இடத்தில் பூச்சு செதில் செதிலாக உரிந்து, அடியில் லேசான மஞ்சள் சாயலில் நிக்கல். அதற்கும் கீழே பழைய பள்ளம் அப்படியே இருக்கிறது. பஃபிங் (பாலிஷ்) போட்டு விளிம்பை மட்டும் மழுக்கி, நகத்தில் தட்டாதபடி செய்திருக்கிறார்கள்! நிக்கல் மேல் மெல்லிசாகக் குரோம் காட்டுவது பாத்ரூம் குழாய்க்குச் செய்கிற வேலை. அந்தக் குரோம் பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்காது. ஷாஃப்ட் வேலைக்கு இருபது, முப்பது மைக்ரானாவது வேண்டும். பள்ளம் ஆழமென்றால் இன்னும் கூட. உரிந்த துணுக்கு சீலுக்குள் போய், தண்ணீரை அடைத்து நிறுத்தும் கார்பன் முகத்தில் வட்ட வட்டமாகக் கோடு கிழித்திருந்தது. மைக்ரான் கணக்கில் தட்டையாக லேப் செய்த (நைசாகத் தேய்த்துச் சமன் செய்த) முகம் அது. அப்புறம் எப்படித் தண்ணீர் நிற்கும்?

உரிந்த ஸ்லீவை நீட்டினால், "சீல் டூப்ளிகேட்டுங்ணா, கடைக்காரனைக் கேளுங்க" என்கிறார். பில்லில் 'பிளேட்டிங் சார்ஜ்' என்று மட்டும் இருக்கிறது. வாங்கியதோ ஹார்டு குரோம் ரேட்.

சரி, நீங்கள் கொடுக்கும்போது குரோம் தடிமன், கிரைண்டிங் முடிந்த அளவு இரண்டையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் சாமானைத் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள். குரோம் தொட்டியில் கரண்ட் ஓரங்களில் அதிகம் பாய்வதால் அங்கே தடியாகவும் நடுவில் மெல்லிசாகவும் ஏறும். எனவே அதைச் சமமாக்கும் கிரைண்டிங் மெஷின் எங்கே என்று கேட்காமல் வராதீர்கள். வாங்கும்போது சீல் படாத ஓரத்தில் அரத்தை லேசாக வைத்துப் பாருங்கள். நல்ல ஹார்டு குரோமில் அரம் வழுக்கும், பிடிக்காது.

நான் புது ஸ்லீவும் புது சீலும் வாங்கிப் போட்டுவிட்டேன். பிளேட்டிங் காசைக் கேட்டுப் போன் அடித்தால் அவர் எடுப்பதில்லை.