காயாவா, மவென்சியா?

ஆங்கிலத்தில் புலம்பெயர் ஆசியர்களின் எழுத்தைத் தேடுகிறவர்கள் கடைசியில் இரண்டு சிறு பதிப்பகங்களில் வந்து நிற்பார்கள். ஒன்று, 1994இல் நியூயார்க்கில் தொடங்கி இப்போது லாஸ் ஏஞ்சலஸில் இயங்கும் காயா பிரஸ். மற்றது டொரன்டோவின் மவென்சி ஹவுஸ். கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் வாங்கலாம் என்றால் எதை வாங்குவது?

பரணில் கிடப்பதைத் தூசி தட்டி எடுப்பதில் காயாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. லால்பிஹாரி சர்மா பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர். கூலிகளின் கதையைப் பிறர் சொல்லிக் கேட்டே பழகிவிட்டோம். இவரோ 1916இல் தன் ஹோலிப் பாடல்களைச் சிறு நூலாகவே அச்சிட்டுவிட்டார். கயானா வம்சாவளிக் கவிஞர் ராஜீவ் மொஹாபிரின் மொழிபெயர்ப்பில் காயா அதைக் கொண்டுவந்தது 2019இல். 1920களில் லாஸ் ஏஞ்சலஸில் இருந்துகொண்டு ஜப்பானிய மொழியில் எழுதிய நாகஹாரா ஷோசோனையும் 2012இல் இப்படித்தான் மீட்டது. சமகால எழுத்தையும் விட்டுவிடவில்லை. கென்யாவின் குஜராத்தி வீட்டுப் பெண் ஷைல்ஜா பட்டேல், அம்மா சேர்த்துவைத்த புடவைப் பெட்டியை மேடையில் திறந்து, அதன் வழியே காலனி ஆட்சியின் கதையைச் சொன்னார். அதைப் புத்தகமாக்கியதும் காயாதான்.

மவென்சிக்கு இந்தப் பளபளப்பு இல்லை. நாவலாசிரியர் எம். ஜி. வாசன்ஜியும் நூர்ஜஹான் அஸீஸும் எண்பதுகளில் நடத்திய ஓர் இலக்கிய இதழிலிருந்து கிளைத்தது அது. நெடுங்காலம் டிஸார் என்ற பெயரில் இருந்து, பிறகு கிளிமஞ்சாரோ மலையின் ஒரு சிகரத்தின் பெயரைச் சூடிக்கொண்டது. கனடாவில் கடை விரித்தாலும் பெயர்ப் பலகையில் தான்சானியா! வாசன்ஜி வளர்ந்த மண் அது.

ஆனால் நமக்கான அலமாரி இங்கேதான் இருக்கிறது. டொரன்டோவில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த செல்வா கனகநாயகம் 2001இல் ஈழ எழுத்துத் தொகுப்பு ஒன்றையும், 2011இல் ஈழக் கவிஞர் சேரனின் கவிதைகளின் மொழிபெயர்ப்பையும் இப்பதிப்பகத்தின் வழியாகத் தந்தார். 2013இல் வந்த உலகத் தமிழ்க் கவிதைத் தொகுப்பில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கின்றன. ஆங்கில வரி சப்பென்று இருந்தால் உடனே மூலத்துக்குத் தாவலாம், மொழிபெயர்ப்பாளரோடு மனத்துக்குள் மல்லுக்கட்டலாம். லால்பிஹாரியிடம் எனக்கு அந்த வசதி கிடையாது. அங்கே மொஹாபிர் சொன்னதுதான் வேதவாக்கு.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1985 முதல் இருக்கும் பீப்பல் ட்ரீ பதிப்பகத்தை விட்டுவிட்டீர்களே என்று யாராவது கேட்கலாம். நம்மூர் அரச மரத்தின் பெயர்தான். ஆனால் அதன் வீடு கரீபியன் இலக்கியம். இந்த ஒப்பீட்டில் அதை இழுப்பது நியாயமில்லை.

பரிசளிக்க என்றால் காயா. பென்சிலோடு உட்கார்ந்து படிக்க என்றால், யோசிக்காமல் மவென்சியின் அந்த இருமொழித் தொகுப்பு.