பரணா, தரைக்கொட்டிலா, கிடையா? செட்டிநாட்டு ஆடுகளுக்கு ஏற்ற இருப்பிடம்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் ஆடு வளர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்கும் அறிவுரை 'பரண் போடுங்கள்' என்பதுதான்; அதாவது, தரைக்கு மேலே உயர்த்தி, இடைவெளி விட்ட சட்டங்களால் தளம் அமைத்து அதில் ஆடுகளை அடைப்பது. பரண் நல்ல அமைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், பகலெல்லாம் கண்மாய்க் கரையிலும் தரிசிலும் மேய்ந்துவிட்டு இரவில் மட்டும் அடையும் மந்தைக்கும், நாள் முழுவதும் கொட்டிலிலேயே தீவனம் தின்னும் மந்தைக்கும் ஒரே பரிந்துரை பொருந்தாது.

கிடைக்குக் கட்டடச் செலவே இல்லை. அறுவடை முடிந்த வயலில் வலை கட்டி அடைத்து, சில இரவுகளுக்கு ஒருமுறை இடம் மாற்றினால், புழுக்கையோடு சிறுநீரும் நேரே மண்ணுக்குள் இறங்கும். ஆடு வெளியேற்றும் தழைச்சத்திலும் சாம்பல்சத்திலும் கணிசமான பங்கு அந்தச் சிறுநீரில்தான் இருக்கிறது. கோடையில் இதற்கு ஈடு கிடையாது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கிடை நிற்காது.

தரைக்கொட்டிலின் தரத்தை முடிவு செய்வதும் அந்த மழை மாதங்களே. நம் பக்கத்துச் செம்மண் சரளையைக் கொட்டி இடித்து, வெளித்தரையைவிட ஓர் அடி உயர்த்தி, சரிவு விட்டால் ஆண்டின் பெரும்பகுதி தரை காய்ந்தே கிடக்கும். அடைமழையில் நிலைமை வேறு. சென்ற கார்த்திகையில் ஒருநாள் விடியற்காலையில் என் கொட்டிலின் படலைத் திறந்து நின்றபோது நாற்றம் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு குட்டியைத் தூக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்ததும் கண் எரிந்தது. படுத்திருக்கும் ஆட்டின் மூக்கு இருப்பது அந்த உயரத்தில்தான். ஈரத்தில் ஊறிய சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா மூச்சுக்குழாயைப் புண்ணாக்கி நுரையீரல் அழற்சிக்கு வழி விடுகிறது. அதே ஈரம் குளம்பையும் அழுக வைக்கிறது.

பரண் இந்த ஈரத்தை அடியோடு விலக்கிவிடுகிறது. தரையிலிருந்து 3 முதல் 4 அடி உயரத்தில் பனஞ்சட்டமோ பிளாஸ்டிக் தளமோ அமைத்தால் புழுக்கை கீழே விழுந்து காய்கிறது, ஆடு உலர்ந்த இடத்தில் படுக்கிறது. ஆனால் பரண் போட்டால் குடற்புழுவே வராது என்று சொல்வது மேய்ச்சல் மந்தைக்குப் பொருந்தாது. இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் மேய்ச்சல் நிலத்தில், ஈரப் புல்லில் ஏறிக் காத்திருக்கின்றன. இரவில் எங்கே படுக்க வைத்தாலும் பகலில் புல்லோடு சேர்ந்து அவை வயிற்றுக்குள் போகும். அந்த மந்தைக்குக் கால்நடை மருந்தகத்தில் புழுக்கையைப் பரிசோதித்து மருந்து கொடுப்பதே வழி. கொட்டில் தீவன முறையில்தான் பரணின் முழுப் பயனும் கிடைக்கிறது. அப்படி வளர்ப்பவர்கள் பரணுக்குச் செய்யும் செலவு வீணாகாது.

குட்டிகளின் நிலை வேறு. தாய் மேயப் போகும்போது அவை வீட்டிலேயே அடைந்து கிடக்கின்றன. அவற்றைக் கொல்லும் இரத்தக்கழிச்சலுக்குக் காரணமான காக்சிடியா கிருமி, அழுக்கேறிய ஈரத்தரையிலிருந்தே அவற்றின் வாய்க்குப் போகிறது. ஆகவே மேய்ச்சல் மந்தை வைத்திருப்பவர் தாய் ஆடுகளுக்குச் சரளைத் தரையும் குட்டிகளுக்கு மட்டும் பரணும் அமைப்பதே சரி என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பரணுக்கான செலவும் ஏறத்தாழ பாதியாகக் குறையும்: 20 ஆடுகளுக்கு, ஆட்டுக்கு 10 முதல் 12 சதுர அடி வீதம், 200 முதல் 240 சதுர அடிப் பரண் வேண்டும், 25 குட்டிகளுக்கு, 4 சதுர அடி வீதம், 100 சதுர அடி போதும்.

சட்டங்களின் இடைவெளியில் கவனம் தேவை. பெரிய ஆடுகளுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் விடலாம். குட்டிகளுக்கு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. நான் முதலில் ஓர் அங்குலம் விட்டு அடித்திருந்தேன். பத்து நாள் குட்டியின் முன்னங்கால் அதற்குள் இறங்கி, இரவெல்லாம் இழுத்து இழுத்துத் தோல் உரிந்திருந்தது. மறுநாளே எல்லாச் சட்டங்களையும் பிரித்து நெருக்கி அடித்தேன்.