லைட்வெயிட் ஷூவை ஆன்லைனில் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அரை மாதச் சம்பளம் போய்விட்டது. ஆப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏகப்பட்ட விற்பனையாளர்கள் கடை விரித்திருக்கும் பெரிய ஷாப்பிங் ஆப் ஒன்று, அவ்வளவுதான். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

டெம்போ ரன்னுக்கும் (சற்று வேகமாக, ஒரே சீராக ஓடுவது) இன்டர்வலுக்கும் (விட்டு விட்டு வேகமாக ஓடுவது) எடை குறைந்த ரன்னிங் ஷூ ஜோடி ஒன்று தேவைப்பட்டது. தினசரி ஓட்டத்துக்கான ஷூ ஒன்று 280, 300 கிராம்கூட இருக்கும். வேகப் பயிற்சிக்கானது 200 முதல் 230 கிராமுக்குள் நின்றால் நல்லது. ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஓடச் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய 1 சதவீதம் கூடுகிறது. ஓடாதவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம்.

ஆப்பில் ஒரு விற்பனையாளர் '210 கிராம், பீபா ஃபோம்' என்று போட்டிருந்தார். பீபா என்பது ஷூவின் நடு அடிப்பாகத்தில் வைக்கும் எடை குறைந்த, துள்ளலான ஃபோம். உண்மைதானா என்று சாட்டில் கேட்டேன். உடனே தராசில் ஷூவை வைத்து எடுத்த படம் வந்தது. 212 என்று காட்டியது. "நானும் ரன்னர்தான் சார்" என்றார். என் பழைய ஷூவின் அடிப்பாகத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். குதிகாலில் வெளிப்பக்கம் தேய்ந்திருப்பதைச் சரியாகக் கவனித்து, "உங்களுக்கு 8 மில்லிமீட்டர் டிராப் போதும், ரொம்பக் குறைச்சு எடுத்தா கெண்டைக்கால் பிடிச்சுக்கும்" என்றார். டிராப் என்றால் ஷூவில் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம். சொன்னது சரியான ஆலோசனை வேறு! நேரில் போனால்கூடக் கடைக்காரர்கள் இவ்வளவு கேட்பதில்லை. இப்படிப் பேசுகிறவரை யார்தான் நம்ப மாட்டார்கள்? அரை மாதச் சம்பளத்தை அப்போதே கட்டினேன்.

பெட்டி வந்ததும் எடை போட்டேன். இடது 291, வலது 304. ஒரே ஜோடியில் 13 கிராம் வித்தியாசம்! பீபா ஃபோம் என்றால் விரலால் அழுத்தினாலே அமுங்கி எழும்பும். இதுவோ செங்கல். ஷூ நாக்கின் (லேஸுக்கு அடியில் இருக்கும் பட்டை) உள்லேபிளில் இருந்த மாடல் எண்ணும் பெட்டியில் இருந்த எண்ணும் வேறு வேறு.

அன்றைக்கே புகார் சொன்னேன். "சைஸ் பெரிதானால் எடை கூடும் சார்" என்றார். கம்பெனிகள் சொல்லும் எடை பெரும்பாலும் ஆண்களுக்கான யூஎஸ் 9 சைஸுக்கானது, தெரியும். என்னுடையது 10. ஒரு சைஸுக்குப் பத்து, பதினைந்து கிராம் கூடலாம். எண்பது, தொண்ணூறா கூடும்? அதற்கு அவர், "ஃபோம் புதுசு, ஓட ஓட இளகும். ஒரு வாரம் ஓடிப் பாருங்க, பிடிக்கலைன்னா நானே திருப்பி எடுத்துக்கிறேன்" என்றார். ஓடினேன். முன்பாதத்தின் அடிரப்பர் பசை விட்டுப் பிய்ந்து தொங்கியது. திருப்பி அனுப்பக் கேட்டால், "யூஸ் பண்ணின ஷூவை எடுக்க மாட்டோம்."

ஓடச் சொன்னதே அவர்தானே!

கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால் விற்பனையாளரிடம் பேசச் சொல்கிறார்கள். விற்பனையாளர், ஆப்பில் கேளுங்கள் என்கிறார். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற வரி மட்டும் தவறாமல் வருகிறது. ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டதாம். அந்த ஒரு வாரம் எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது. அந்தத் தராசுப் படத்தையே வேறொரு விற்பனையாளரின் பக்கத்திலும் பார்த்தேன். அரை மாதச் சம்பளம் சார், அரை மாதச் சம்பளம்!

சரி, சொன்ன விவரங்கள். எடைக்குப் படம் அனுப்பினால் நம்பாதீர்கள், வீடியோ கேளுங்கள். வந்தவுடன் இரண்டு ஷூவையும் தனித்தனியாக எடை போடுங்கள், லேபிள் எண்ணைப் பெட்டியோடு ஒப்பிடுங்கள். "ஓட ஓட இளகும்" என்று யாராவது சொன்னால் தெருவில் கால் வைக்காமல் அன்றே ரிட்டர்ன் போடுங்கள். சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஃபோம் பற்றியும் எழுத நினைத்தேன், இப்போது முடியாது. கஸ்டமர் கேர் லைனில் இன்னும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.