கடற்கரை வீட்டில் ஓர் எலக்ட்ரிக் கிதார்: ஏழு ஆண்டு மேம்படுத்தல் அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையே உள்ள கடற்கரை ஊர் ஒன்றில், இரவில் அலையோசை படுக்கை வரை கேட்கும் வீட்டில் குடியிருக்கிறேன். 2018ஆம் ஆண்டு 9,500 ரூபாய்க்கு வாங்கிய, ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்திலான எலக்ட்ரிக் கிதார் ஒன்றை ஞாயிறுதோறும் ஆலயப் பாடகர் குழுவில் வாசித்து வருகிறேன். வாங்கிய நாளில் இருந்தவற்றுள் இன்று மிஞ்சியிருப்பவை முக்கியமாக மரக்கட்டை, நெக் எனப்படும் கழுத்துப் பகுதி, கம்பியின் அதிர்வைக் காந்தமும் சுருளும் கொண்டு மின்சாரமாக மாற்றும் பிக்கப்புகள் மூன்றில் இரண்டு, எந்தப் பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்வுசெய்யும் ஐந்து நிலைச் சுவிட்சு ஆகியவையே. மற்றவற்றுள் பலவற்றை வீட்டுத் திண்ணையில் வைத்து நானே ஒவ்வொன்றாக மாற்றியிருக்கிறேன். கிதாரை மேம்படுத்துவது என்றாலே பலரும் முதலில் விலை உயர்ந்த பிக்கப்பைத்தான் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் ஆண்டில் இரண்டு பருவமழையையும் உப்புக் காற்றையும் தாங்க வேண்டிய நம் மாவட்டத்தில், பணமும் நேரமும் முதலில் செல்ல வேண்டிய இடங்கள், நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட், நெக்கின் வளைவு, மின் இரைச்சல், துரு ஆகிய நான்குமே என்பது இத்தனை ஆண்டுப் பயன்பாட்டில் எனக்கு உறுதியாகிவிட்டது.

இந்த வடிவத்தை வீட்டு வேலைக்குப் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. 1954இல் இதை வெளியிட்ட லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலிப் பழுது பார்க்கும் கடை நடத்தியவர். பழுது பார்ப்பவரின் கை எங்கே எட்ட வேண்டும் என்பதை அறிந்தவர் செய்த பொருள் என்பது திறந்து பார்த்தாலே விளங்கும். நெக் நான்கு திருகுகளில் கழன்று வரும். முகப்பில் உள்ள பிளாஸ்டிக் தகட்டின் பதினொரு திருகுகளைக் கழற்றினால், பிக்கப்புகள், சுவிட்சு, மூன்று குமிழ்கள் எல்லாம் ஒரே தகட்டோடு வெளியே வந்துவிடும்.

முதலில் என்னை வருத்தியது இரைச்சல். திருப்பலியில் நற்கருணைக்குப் பிந்தைய மௌன நேரத்தில், கம்பியிலிருந்து கையை எடுத்தவுடன் ஆம்ப்ளிஃபயர் உறுமத் தொடங்கும்; கம்பியை மீண்டும் தொட்டால் அது குறையும். மக்கள் கண்மூடி மன்றாடும் நேரத்தில் அந்த ஒலி ஆலயம் முழுவதும் கேட்பது எனக்கு மிகுந்த சங்கடமாக இருந்தது. இதில் இரண்டு வகை இரைச்சல்கள் கலந்திருக்கின்றன என்பதைப் பிரித்துப் புரிந்துகொள்ளவே எனக்கு ஓராண்டு ஆயிற்று. ஒன்று, ட்யூப் லைட், ஃபேன் ரெகுலேட்டர், மொபைல் சார்ஜர் போன்றவை காற்றில் பரப்பும் கரகரப்பு. வாசிப்பவரின் உடலே அதை ஏந்திக் கிதாருக்குக் கொடுக்கிறது. கம்பியைத் தொடும்போது உடலும் எர்த்தோடு இணைந்துவிடுவதால் அது தணிகிறது. மற்றொன்று, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலம் ஒற்றைச் சுருள் பிக்கப்பில் நேரடியாக ஏற்படுத்தும் ரீங்காரம்.

முதல் வகையைக் காப்பர் டேப் ஏறத்தாழ முழுமையாக நீக்கிவிட்டது. மரக்கட்டையில் குடைந்திருக்கும் பள்ளம் முழுவதையும், முகப்புத் தகட்டின் பின்புறத்தையும் ஒட்டி மூட வேண்டும். டேப்பின் பசை எப்போதும் மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்ப முடியாது என்பதால், ஒரு துண்டின் மேல் இன்னொரு துண்டு ஏறும் இடங்களில் எல்லாம் ஒரு பொட்டு ஈயம் வைத்துப் பற்றவைத்து, மல்டிமீட்டரில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மின்தடை பூஜ்யத்தை ஒட்டி வருகிறதா என்று பார்த்த பிறகே மூடினேன். இரண்டாவது வகையைக் காப்பர் டேப் தடுக்காது. நடுப் பிக்கப்பின் சுருளும் காந்தமும் மற்ற இரண்டுக்கும் எதிர்த்திசையில் அமைந்திருந்தால், சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரண்டு பிக்கப்புகளின் ரீங்காரமும் ஒன்றையொன்று அழித்துவிடும். என் கிதாரில் அந்த அமைப்பு இருப்பதால், மென்மையான பகுதிகளை அந்த நிலைகளிலேயே வாசிக்கிறேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிதாரின் கம்பிகள், மரக்கட்டையில் அவற்றைத் தாங்கும் உலோகப் பகுதியான பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. எங்கள் வீட்டின் பழைய இணைப்பில் மூன்றாவது துளை பெயருக்குத்தான் இருந்தது. அதனுள் கம்பியே இல்லை. மைக்கில் உதடு பட்டபோது சுரீரென்று அடித்த பிறகுதான் இதைக் கண்டுபிடித்தோம். எலக்ட்ரீசியனை அழைத்து, கரியும் உப்பும் இட்டுப் புதிய எர்த் குழி போட்டோம். இரைச்சலும் கணிசமாகக் குறைந்தது. கிதாருக்குள் கைவைப்பதற்கு முன் வீட்டின் எர்த்தைச் சோதித்துவிடுங்கள்.

குமிழ்களின் கீழே இருந்த, திருப்பும்போது மின்தடையை மாற்றும் சிறிய பொட்டன்ஷியோமீட்டர்கள் இரண்டே ஆண்டில் கரகரத்தன. பெரிய அளவிலான 250 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டர்களை வாங்கியபோது, அவற்றின் தண்டு பழைய துளைக்குள் நுழையவில்லை. உருண்டை அரத்தால் துளையை ஒன்பதரை மில்லிமீட்டர் வரை அகலப்படுத்த வேண்டியிருந்தது. முதலில் வந்து சேர்ந்தவை நான் கேட்ட லாக் வகை அல்ல, லீனியர் வகை என்பது பொருத்திய பிறகுதான் தெரிந்தது. அவற்றில் ஒலியளவு பத்திலிருந்து மூன்று வரை பெரிதாக மாறாமல் இருந்து, அதன் கீழே திடீரென்று விழும். திருப்பி அனுப்பி மாற்றிக்கொண்டேன். பற்றவைப்பதில் ஓர் அனுபவம்: 25 வாட் சால்டரிங் அயர்னால் பொட்டன்ஷியோமீட்டரின் முதுகைச் சூடாக்க முடியாது, நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் உள்ளே இருக்கும் கரித்தடம் கெட்டுவிடும். முதுகை அரத்தால் லேசாகச் சுரண்டி, ஃப்ளக்ஸ் தடவி, 60 வாட் அயர்னால் மூன்று நான்கு நொடிகளில் முடித்துவிடுவதே பாதுகாப்பானது.

பிரிட்ஜை ஒட்டிய பிக்கப்பை மட்டும் ஆல்னிகோ 5 என்ற கலப்புலோகக் காந்தம் கொண்டதாக மாற்றினேன். பழையது, இரும்புத் தண்டுகளின் அடியில் செராமிக் காந்தம் ஒட்டிய மலிவு வகை. புதியதன் ஒலி கூர்மை குறைந்து இதமாக இருக்கிறது. வேறுபாடு உண்மைதான், ஆனால் செலவழித்த தொகைக்கு நான் எதிர்பார்த்த அளவு இல்லை. அதைவிடப் பெரிய பலனைக் கொடுத்தது, மாற்றாமல் விட்ட மற்ற இரண்டு பிக்கப்புகளுக்குச் செய்த மெழுகுக் குளியல். ஒலியளவைக் கூட்டியதும் அவை வீலென்று கீச்சிட்டன. சுருளின் செப்புக் கம்பிகள் தளர்ந்து, தாமே அதிர்வதே அதற்குக் காரணம். சுருளுக்குள் மெழுகு இறங்கி உறைந்துவிட்டால் அந்த அதிர்வு நின்றுவிடும்.

இதற்கு வேண்டிய தேன்மெழுகு நமக்கு அருகிலேயே கிடைப்பது ஒரு பேறு. ரப்பர் தோட்டங்களை நம்பித் தேனீ வளர்க்கும் மார்த்தாண்டம் வட்டாரத்தில், அடை பிழிந்த பிறகு உருக்கி எடுத்த மெழுகுக் கட்டி ஒன்றை வாங்கி வந்தேன். பாரஃபின் மெழுகு நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. மெழுகை நேரடியாக நெருப்பில் வைக்கக் கூடாது, அது தீப்பற்றும். இண்டக்ஷன் அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து, அதனுள் சிறிய பாத்திரத்தில் மெழுகை உருக்கி, வெப்பமானியில் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் சட்டம் நெளிந்துவிடும். பிக்கப்பை அதன் ஒயரைப் பிடித்து இறக்கியதும், சுருளின் இடுக்குகளிலிருந்து கடுகளவு குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. இருபது நிமிடம் கழித்து அந்த வரிசை மெலிந்து, ஒன்றிரண்டாகி, நின்றது. வெளியே எடுத்துத் துணியால் துடைத்தபோது சமையலறை முழுவதும் தேன்கூட்டு வாசனை. அதன் பிறகு இன்று வரை அந்த இரண்டு பிக்கப்புகளும் ஒருமுறைகூடக் கீச்சிடவில்லை. செலவு இருநூறு ரூபாய்க்கும் குறைவு.

நெக்கைப் பொறுத்தவரை, தச்சு வேலை செய்யும் என் சித்தப்பா சொன்ன ஒரு வார்த்தை எல்லா வழிகாட்டிகளையும்விடப் பயன்பட்டது. முதல் ஜூன் மழையில் கம்பிகள், விரல்பலகையின் குறுக்கே பதிந்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளை விட்டு உயர்ந்துவிட, நான் பதறி, நெக்கின் உள்ளே இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைத் திருகப் போனபோது அவர் தடுத்தார்: “மக்கா, மழைக்கு மரம் தண்ணி குடிக்கும், கேட்டியா. அது குடிச்சு முடியட்டும், பொறவு தொடு.” ஒரு வாரம் பொறுத்து, கால் சுற்று மட்டும் வலப்புறம் திருகி, ஒரு நாள் விட்டு மறுபடி அளந்தேன். இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் கடைசியிலும் பிப்ரவரியிலும் இதைச் செய்கிறேன். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திப் பிடித்து, எட்டாவது ஃபிரெட்டின் மேல் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும், 0.25 மில்லிமீட்டர் எனக்குப் பொருத்தமாக இருக்கிறது. மெக்கானிக்குகள் பைக்கின் டேப்பெட் இடைவெளியைப் பார்க்கப் பயன்படுத்தும் அதே கேஜ்தான். உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தடித்த கம்பிக்கு 2 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு 1.6 மில்லிமீட்டர் உயரம் வைத்திருக்கிறேன்.

சுருதி நிற்காததற்குப் பலரும் டியூனிங் கீயைக் குறை சொல்வார்கள். என் கிதாரில் குற்றவாளி, பிளாஸ்டிக் நட்தான். முறுக்கும்போது டிங் என்ற சத்தத்தோடு சுருதி தாவினால், கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கி விடுபடுகிறது என்று பொருள். எலும்பு நட் ஒன்றை வாங்கி அறுத்து, ஊசி அரங்களால் ஆறு பள்ளங்களையும் நானே வெட்டினேன். முதல் முயற்சியில் மூன்றாம் கம்பியின் பள்ளம் ஆழமாகி, திறந்த கம்பி முதல் ஃபிரெட்டில் உரசி அதிர்ந்தது. அதைத் தூக்கி வைத்துவிட்டு இன்னொன்று செய்தேன். இரண்டாவது முறை, ஒவ்வொரு நாலைந்து இழுப்புக்கும் கம்பியை மாட்டி, இரண்டாம், மூன்றாம் ஃபிரெட்டுகளுக்கு இடையே அழுத்தி, முதல் ஃபிரெட்டின் மேல் தலைமுடி நுழையும் அளவு இடைவெளி மிஞ்சுகிறதா என்று பார்த்துக்கொண்டே சென்றேன். ஒரு ஞாயிறு பகல் முழுவதும் ஆயிற்று. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்து முடித்த அன்றிலிருந்து, திருப்பலி தொடங்கி முடியும்வரை ஒருமுறைகூடச் சுருதி சேர்க்காமல் வாசிக்கிறேன். ஏழு ஆண்டுகளில் செய்த வேலைகளில் இதற்கு இணையாக வேறெதையும் சொல்ல மாட்டேன்.

துருவுக்கு நிரந்தரத் தீர்வு கிடையாது; வழக்கம் ஒன்றுதான் உண்டு. சாதாரண நிக்கல் கம்பிகள் எங்கள் ஊரில் மூன்று வாரத்தில் மங்கிச் செத்த ஒலி தருகின்றன. மேற்பூச்சுள்ள கம்பிகள் இரண்டு மடங்குக்கு மேல் விலை என்றாலும் மூன்று மாதம் வருகின்றன என்பதால் எனக்கு அவையே இலாபம். பிரிட்ஜில் கம்பியின் உயரத்தைச் சரிசெய்யும் சிறு திருகுகள் துருப்பிடித்து இறுகியதால், அவற்றை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றி, மழைக்கு முன் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுகிறேன். விரல்பலகைக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் இங்கே பலரிடம் இருக்கிறது. நாளடைவில் அது பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும் என்பதால் வேண்டாம். ஃபிரெட்டை மெருகேற்ற ஸ்டீல் வுல் பயன்படுத்தினால், பிக்கப்புகளை மாஸ்கிங் டேப்பால் முழுமையாக மூடிவிடுங்கள். காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் இரும்புத் தூளை வெளியேற்ற நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கருவிகளையும் சேர்த்து இதுவரை ஏறத்தாழ 11,000 ரூபாய் செலவாகியிருக்கிறது. கிதாரின் விலையைவிடக் கூடுதல். விற்கப் போனால் அந்தத் தொகை திரும்பாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் மூன்று ஃபிரெட்டுகளில் இப்போது கம்பித் தடம் பதிந்திருக்கிறது. அவற்றைச் சமன்படுத்தும் வேலையைக் காற்று வறண்டிருக்கும் பிப்ரவரிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதற்கான நீளமான சமன் கட்டையைச் சித்தப்பா பழைய தேக்குத் துண்டு ஒன்றில் இழைத்துக் கொடுத்துவிட்டார்.