மருவுக்கு எது சரி: பெயிண்டா, நைட்ரஜனா, சுட்டு எடுப்பதா?

பாம்பன், மண்டபம் பக்கம் மீன் வேலை பார்க்கிறவர்களுக்குக் கையில் மரு வருவது அதிசயமில்லை. மரு எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. நாள் முழுக்க ஈரத்தில் ஊறின தோலில் முள்ளோ ஐஸோ கீறினால் அந்த வழியாக உள்ளே போய்விடும். எப்படி எடுப்பது என்றால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், மரு எங்கே இருக்கிறது, உங்கள் வேலை என்ன என்று பார்த்துத்தான் முடிவு பண்ண வேண்டும்.

முதலில் மெடிக்கலில் கிடைக்கும் சாலிசிலிக் அமில பெயிண்ட். மலிவு, வலியும் பெரிதாக இல்லை, ஆனால் பொறுமை வேண்டும். ராத்திரி வெந்நீரில் ஊறவைத்து, மேல்தோலைத் தேய்த்தெடுத்து, சுற்றிலும் வாசலின் பூசி, ஈர்க்குச்சி நுனியால் மருமேல் மட்டும் வைத்துக் காயவிட வேண்டும், இப்படியே மூன்று மாதம் வரை. பாதிப்பேர் இரண்டாவது வாரத்திலேயே பாட்டிலை ஜன்னலில் வைத்துவிட்டு மருந்து சரியில்லை என்பார்கள். சட்டென்று தீப்பிடிக்கும் மருந்து, அடுப்புப் பக்கம் வேண்டாம்.

அடுத்தது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. டாக்டர் சில நொடி வைப்பார், சுரீரென்று எரியும், அப்புறம் கொப்புளம் போடும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போகணும். நம்ம நிறத்துக்கு அந்த இடம் வெளுத்துப்போய் மாதக்கணக்கில் நிற்கலாம். நைட்ரஜன் ஆவியாகிவிடும் சரக்கு, எல்லா நாளும் இருக்காது, அதனால் போன் போட்டுக் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

இரண்டில் எது மேல்? 2010-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 13 வாரம் கழித்துப் பார்த்தபோது, கையில் வருவது போன்ற சாதாரண மரு நைட்ரஜன் வைத்தவர்களில் 49 சதவீதம் பேருக்குப் போயிருந்தது. பெயிண்ட் அடித்தவர்களில் 15, சும்மா விட்டவர்களில் 8. உள்ளங்காலில் அந்த வித்தியாசமே இல்லை. பிரிட்டனில் 2011-ல் உள்ளங்கால் மருவை மட்டும் பார்த்தபோது இரண்டிலும் ஒரே அளவு, 14 சதவீதம் பேருக்குத்தான் போயிருந்தது. ஆகவே கைக்கு நைட்ரஜன், காலுக்குப் பெயிண்ட் போதும், வீணாக அலைய வேண்டாம். ஆனால் அது கால் ஆணியா மருவா என்று பாருங்கள்: மேல்தோலைச் சுரண்டினால் மருவில் கறுப்புப் புள்ளிகள் தெரியும், இரண்டு பக்கமும் கிள்ளினால் வலிக்கும்.

மூன்றாவது, மின்சாரச் சூட்டில் சுட்டு எடுப்பது. மரத்துப்போக ஊசி போட்டு ஒரே நாளில் முடிகிற வேலை. அதற்காகத்தான் ஆசைப்படுகிறார்கள். ஆனால் பக்கத்துத் தோலில் வைரஸ் இருந்தால் திரும்ப முளைக்கும், உள்ளங்காலில் தழும்பு விழுந்தால் மிதிக்கும்போதெல்லாம் வலி. விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி எடுக்கும் அக்காமார்களுக்குப் புண்ணோடு கடலில் இறங்க முடியுமா?

மரு நிறைய இருந்தால் ஒரு மருவுக்குள் எம்.எம்.ஆர். தடுப்பூசி (பிள்ளைகளுக்குத் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்குப் போடுவது) போடுகிற முறையும் உண்டு. உடம்பு வைரஸை அடையாளம் கண்டு மற்றதையும் உதிர்க்கலாம் என்பது கணக்கு. கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பதை விட்டுவிடுங்கள், நல்ல தோலும் சேர்ந்து வெந்துவிடும். கோயிலில் உப்பு மிளகு போடுகிறவர்களை நான் கிண்டல் பண்ண மாட்டேன்; பிள்ளைகளுக்கு வரும் மரு பெரும்பாலும் இரண்டு வருஷத்தில் தானாகவே போய்விடும், அந்த வேண்டுதலால் தோல் வேகாது. முகம், பிறப்புறுப்பு, சுகர்காரர்களின் கால் இதற்கெல்லாம் நேரே தோல் டாக்டர்தான்.

விசைப்படகில் போகிறவர்கள் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் நைட்ரஜன் வைத்துக்கொண்டால் கொப்புளம் ஆற நேரம் கிடைக்கும். நாட்டுப்படகுக்காரர்களுக்கு அந்த லீவு இல்லை, அவர்களுக்கு ராத்திரிப் பெயிண்ட்தான் தோது.