வின்ட்சர் கோட்டையில் ராணி மேரியின் பொம்மை வீடு: ஒரு தச்சுப் பார்வை

பொம்மை வீடுகளுக்கான குட்டி நாற்காலியும் அலமாரியும் மரத்தில் செய்கிறவள் நான். இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டையில் இந்தப் பொம்மை வீட்டைச் சுற்றி வந்தபோதும் கண் முதலில் மூட்டுகளைத்தான் தேடியது. கையால் செய்த சிற்றுருக்களில் இதைவிட நேர்மையான வேலையை நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் ஜார்ஜ் அரசரின் மனைவி ராணி மேரிக்காக 1921 முதல் 1924 வரை கட்டப்பட்ட வீடு இது. வரைந்தவர் எட்வின் லட்யன்ஸ். அதே ஆண்டுகளில் புது தில்லியில் இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையையும் எழுப்பிக்கொண்டிருந்தவர். சுமார் 1,500 கைவினைஞர்களும் ஓவியர்களும் எழுத்தாளர்களும் இதற்கு உழைத்தார்கள். முதலில் 1924இல் லண்டன் வெம்ப்ளியில் நடந்த கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

அளவு 1:12. ஓர் அடி ஓர் அங்குலமாகும். கேட்க எளிது. ஆனால் பொருளைச் சுருக்கலாம், மரத்தின் ரேகையைச் சுருக்க முடியாது. தேக்கில் ஒரு குட்டி மேசை செய்து பாருங்கள், ரேகைகள் தடித்துத் தெரிந்து அளவைக் காட்டிக்கொடுத்துவிடும். துணியும் அப்படித்தான். குட்டித் திரைச்சீலை தன் எடையால் தொங்காது, விறைத்து நிற்கும். இந்தத் தொழிலில் பாதி சாமர்த்தியம் மசியாத பொருளை மசிய வைப்பதில் இருக்கிறது. நெருங்கிய ரேகையுள்ள மரத்தைத் தேடிப் பிடிப்பதிலேயே எனக்கு மாதங்கள் போகும்.

மசியாத பொருள்களில் முதலாவது தண்ணீர். நிஜக் குழாயின் வாய் 2 செ.மீ. என்றால் இங்கே 2 மி.மீ. கூட இல்லை. சொட்டோ அதைவிடப் பெரிது. அப்படியிருந்தும் குளியலறைக் குழாய்களில் தண்ணீர் வரும்படி அமைத்திருக்கிறார்கள், கழிப்பறையில் ஃபிளஷ் வேலை செய்யும். மின்விளக்கு எரியும், லிஃப்ட் ஏறி இறங்கும். பார்வையாளர் கண்ணுக்கே படாத குழாய் வேலைக்கு ஒருவர் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார் என்பதுதான் என்னை அசைத்தது.

நிலவறையில் மதுப் புட்டிகள் இருக்கின்றன, உள்ளே உண்மையான மது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பன்னிரண்டில் ஒன்றானால் கொள்ளளவு 1,728இல் ஒன்றாகிவிடும். 750 மி.லி. புட்டி அரை மில்லிலிட்டருக்கும் குறைவாகச் சுருங்கும், எட்டு ஒன்பது சொட்டு. அதையும் ஊற்றி அடைத்திருக்கிறார்கள்!

நூலகத்தைத் தவறவிடாதீர்கள். கோனன் டாயில், கிப்ளிங், தாமஸ் ஹார்டி போன்றவர்களின் எழுத்து தீப்பெட்டி அளவு புத்தகங்களில் இருக்கிறது. கோனன் டாயில் இதற்கென்றே ஒரு குட்டி ஷெர்லாக் ஹோம்ஸ் கதை எழுதிக்கொடுத்தார். எழுத மறுத்தவர்களும் உண்டு, பெர்னார்ட் ஷா அவர்களில் ஒருவர். கண்ணாடிக்கு வெளியே நிற்கிற நமக்குத் தெரிவது புத்தக முதுகுகள் மட்டுமே. அந்த ஹோம்ஸ் கதையை முன்பே படித்துவிட்டுப் போனால் அலமாரி வேறு மாதிரி தெரியும்.

அரசர், ராணியின் படுக்கையறைகளில் பகட்டு அதிகம். நான் அங்கே நெடுநேரம் நிற்கவில்லை. சமையலறைதான் என் தேர்வு: அடுப்பு, செப்புப் பாத்திரங்கள், அன்றாடச் சாமான்கள். 1920களில் ஒரு பெரிய ஆங்கிலேய வீடு எப்படி இயங்கியது என்பதை, வேலைக்காரர் பக்கத்திலிருந்து, இவ்வளவு தெளிவாக வேறெதுவும் சொல்லி நான் கண்டதில்லை.

கோட்டை டிக்கெட்டிலேயே இதுவும் அடக்கம், தனிக் கட்டணம் இல்லை. செவ்வாய், புதன் கிழமைகளில் வழக்கமாகக் கோட்டை மூடியிருக்கும். காலையில் உள்ளே நுழைந்ததும் முதலில் இங்கே வந்துவிடுங்கள். பின்னால் கூட்டம் சேர்ந்தால் ஒரு பக்கத்தில் நின்று நிதானமாகப் பார்க்க முடியாது. நான்கு பக்கமும் சுற்றிப் பாருங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் வேறு அறைகள். சிற்றுருக்கள் செய்கிறவர்கள் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் கொண்டுபோகலாம். நாற்காலிக் கால்களின் வளைவுகளை வரைந்துகொள்ளவே எனக்கு நான்கைந்து பக்கம் தேவைப்பட்டது.