சைலன்சர் முனைக்கு புளியா, ஸ்டீல் வுல்லா, பாலிஷ் பேஸ்ட்டா, வெறும் சோப்பா? ஒரே முனையில நாலையும் போட்டு பாத்தாச்சு

நம்ம வண்டி வெள்ளை கலர் கார், முன்னாடிலேருந்து பாத்தா புது மாப்பிள்ளை, பின்னாடி போய் குனிஞ்சு பாத்தா சைலன்சர் முனை விறகடுப்புல ஏத்தி எறக்குன பானையடி மாதிரி இருக்கும். வீடு கடலூர்ல தேவனாம்பட்டினம் பக்கம், சில்வர் பீச்சுக்கு நடந்தே போயிடலாம், வேலை பாண்டியில. போக வர தெனமும் உப்புக்காத்துதான். ஊர்ல ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னாங்க, அம்மா புளிய போடுன்னாங்க, மெக்கானிக் அண்ணன் பஞ்சு மாதிரி இருக்கற இரும்பு நார், அதான் ஸ்டீல் வுல், அத போடுன்னாரு, பக்கத்து வீட்டு தம்பி பேஸ்ட் வாங்குண்ணேன்னான், நான் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில இன்சுலேஷன் டேப்ப ஒட்டி ஒரே முனைய நாலு கட்டமா பிரிச்சு கட்டத்துக்கு ஒண்ணுன்னு போட்டுட்டேன். வண்டி ராத்திரி பூரா நின்னு நல்லா ஆறியிருந்துச்சு, சூட்டோட தொட்டீங்கன்னா டேப்பும் உருகும் கையும் வெந்துபோகும்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம், முனையில இருக்கறது ஒரே அழுக்கு இல்ல, மூணு இருக்கு. மேல கருப்பா இருக்கறது புகைக்கரி. பெட்ரோல் எரிஞ்சா தண்ணியும் வரும், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி, அது ஆவியா போனா பரவால்ல, பக்கத்துல மஞ்சக்குப்பம் வரைக்கும் போயிட்டு வண்டிய ஆஃப் பண்றவங்களுக்கு குழாய் சூடாகவே ஆகாது, தண்ணி உள்ளயே கரியோட கொழைஞ்சு மை மாதிரி ஒட்டிக்கும். அதுக்கடியில மஞ்சளா ஊதாவா நீலமா தெரியறது சூட்டுக்கறை, உலோகத்து மேல படிஞ்ச ஆக்சைடு படலம் எவ்வளவு தடிமனோ அதுக்கேத்த கலர். மூணாவது துரு, நம்மூர்ல இதுதான் பெரிய தலைவலி. இந்த மூணுக்கும் ஒரே மருந்து கெடையாது, அது புரியாமத்தான் ஆளாளுக்கு சண்டை போடுறாங்க.

முதல் கட்டம் புளி. பித்தளைக்கும் செம்புக்கும் புளி ராஜா, ஏன்னா அதுல இருக்கற அமிலம் அந்த ஆக்சைட கரைச்சுடும். கரி அமிலத்துல கரையாது. பத்து நிமிஷம் தேய்ச்சேன், கை வலிச்சதுதான் மிச்சம், கரி லேசா வழுக்கிட்டு வந்துச்சு, அதுவும் தேய்ப்புக்கு வந்ததே ஒழிய புளிக்கு வரல. அம்மா வழக்கம்போல கல்லுப்பு சேத்து தேய்க்க சொன்னாங்க, அத மட்டும் செய்யாதீங்க. ஸ்டெயின்லெஸ்ஸ துருவிலேருந்து காப்பாத்தறது மேல இருக்கற மெல்லிசான குரோமியம் ஆக்சைடு தோல், உப்புல இருக்கற குளோரைடு அத குத்தி குழி பறிக்கறதுல கில்லாடி. கடல் ஏற்கனவே ஓசியில பண்ணிட்டிருக்கற வேலைய நாம வேற காசு போட்டு பண்ணணுமா?

ரெண்டாவது கட்டம் ஸ்டீல் வுல், நாலு சைபர் போட்ட மெல்லிசு ரகம், கூடவே துரு, பிசுக்க எளக்கற டபிள்யூடி-40 ஸ்ப்ரே. இது எனக்கே அதிர்ச்சி. ஸ்ப்ரே அடிச்சு அஞ்சு நிமிஷம் ஊற விட்டு வட்டமா தேய்ச்சா கரி கருப்பு சேறா வழிஞ்சு ஓடுது, அடியில பளபளன்னு உலோகம். அன்னைக்கு சாயங்காலம் மார்க் போட சொல்லியிருந்தா இதுக்குத்தான் முதல் பரிசு. ஆனா பத்தாவது நாள் டார்ச் அடிச்சு பாக்கறேன், அந்த கட்டத்துல மட்டும் கடுகு தெறிச்ச மாதிரி குட்டி குட்டி பழுப்பு புள்ளி. முனை துருப்பிடிக்கல, ஸ்டீல் வுல்லோட துணுக்குதான் துருப்பிடிச்சிருக்கு. அது சாதா இரும்பு, தேய்க்கும்போது தூளா உடைஞ்சு மேல ஒட்டிக்குது, நம்ம ஊர் ஈரக்காத்து மிச்சத்த பாத்துக்குது. உள்நாட்டுல இருக்கறவங்களுக்கு இது தெரியாமலே போயிடலாம், ஈசிஆர்னு சொல்ற கடலோர ரோட்டு ஓரம் குடியிருக்கறவங்களுக்கு கண்டிப்பா தெரியும். பாத்திரம் தேய்க்கற பச்சை ஸ்கிரப்பர் போடலாமான்னு கேட்டா, இரும்பு ஒட்டாது சரி, ஆனா கீறல் விழும், அந்த கீறல்லயே அடுத்த தடவ கரி போய் உக்காந்துக்கும்.

மூணாவது மெட்டல் பாலிஷ் பேஸ்ட், ஆட்டோசால் மாதிரி டியூப்ல வர்றது. நேரா கரி மேல போட்டீங்கன்னா பேஸ்ட்தான் வேஸ்ட், துணி கருப்பாகும் அவ்வளவுதான். முதல்ல பாத்திரம் தேய்க்கற சோப்பும் பழைய பல் தேய்க்கற பிரஷ்ஷும் போட்டு கரிய எடுத்துட்டு, காஞ்சதுக்கப்புறம் பட்டாணி அளவு பேஸ்ட்ட பருத்தி துணியில வச்சு தேய்ச்சேன். துணி கருக்க கருக்க உலோகம் வெளுக்குது, அந்த நீலக்கறை கூட பாதிக்கு மேல போயிடுச்சு. நேரம் ஆகுது, இந்த ஒரு கட்டத்துக்கே இருபது நிமிஷம். ஆனா பத்து நாள் கழிச்சும் புள்ளி இல்ல, கொழாய்த்தண்ணி அடிச்சு தொடச்சதும் பழையபடி மின்னுச்சு. பித்தளைக்கு போடற பிராஸோ பாலிஷும் இந்த வேலைய செய்யும், தண்ணியா இருக்கறதால நிறைய தடவ தேய்க்க வேண்டியிருக்கும், வீட்ல இருந்தா அதையே போடுங்க, தனியா பேஸ்ட் வாங்கணும்னு அவசியமில்ல.

நாலாவது வெறும் சோப்பு, பிரஷ், தண்ணி. சும்மா கணக்குக்குத்தான் வச்சேன், ஆனா புளிய விட நல்லாவே வந்துச்சு. கரி போச்சு, சூட்டுக்கறை இருக்கு. வாராவாரம் வண்டி கழுவும்போதே செஞ்சா இதுவே போதும்.

பாத்ரூம் ஆசிட் யோசனைய யாராவது சொன்னா காது கொடுத்தே கேக்காதீங்க. அது ஹைட்ரோகுளோரிக், ஸ்டெயின்லெஸ்ஸுக்கு எமன், குரோம் முலாமுக்கும் எமன், கீழ குனிஞ்சு அந்த புகைய மூச்சுல இழுக்கறது நமக்கும் எமன். நான் ஒரு தடவ பழைய வண்டியில போட்டு பாத்துட்டுத்தான் சொல்றேன், அஞ்சு நிமிஷத்துல வெள்ளையாச்சு, ரெண்டு வாரத்துல முன்ன விட மோசமா செம்பட்டை அடிச்சுது.

வாட்டர் சர்வீஸ்ல பஃபிங் பண்ணித்தர்றது இன்னொரு வழி. மெஷின்ல பண்றதால அந்த நீலக்கறை முழுசா போகும், கையால அந்த அளவுக்கு வராது, அத ஒத்துக்கணும். ஆனா என்ன முனைன்னு பாக்காம வீல வச்சு அழுத்தற ஆளுங்க இருக்காங்க. குரோம் முலாம் மயிரிழைய விட மெல்லிசு, ஒரு எடத்துல தேஞ்சாலும் அங்கேருந்து கொப்புளம் கெளம்பிடும்.

அதனால முனை ஸ்டெயின்லெஸ்ஸா குரோமான்னு மொதல்ல பாக்கணும். இங்கதான் வில்லியனூர் மச்சான் ஏமாந்தான். பிரிட்ஜ்ல இருந்த காந்தத்த எடுத்துட்டு வந்து ஒட்ட வச்சுட்டு "மாமா, ஒட்டுது பாருங்க, இது குரோம் போட்ட இரும்புதான்"னு சத்தியம் பண்றான். ஒட்டலன்னா 304 ரக ஸ்டெயின்லெஸ்ஸா இருக்கலாம்னு நெனைக்கறது சரி, ஆனா சைலன்சருக்கு அதிகமா போடற 409 ரகமும் ஸ்டெயின்லெஸ்தான், அதுல காந்தம் ஒட்டும். காந்தத்த விட கண்ணு மேல், ஓரத்துல தோல் உரியற மாதிரி செதில் தூக்கிட்டிருந்தா அது குரோம். குரோம்ல லேசான துருப்புள்ளிக்கு சமையலறை அலுமினியத்தாள கசக்கி தண்ணி தொட்டு தேய்க்கலாம், அலுமினியம் குரோம விட மிருது, கீறாது. உரிஞ்சுபோச்சுன்னா எந்த பாலிஷும் ஒட்ட வைக்காது, முனைய மாத்தறதுதான் வழி. சில வண்டியில பம்பர்ல தெரியறது வெறும் பிளாஸ்டிக் அலங்காரம், நெஜ குழாய் உள்ள மறைஞ்சிருக்கும், அந்த பிளாஸ்டிக்ல பேஸ்ட் போட்டு தேய்ச்சா பளபளப்பு போயிடும், சோப்புத்தண்ணியோட நிறுத்திக்கோங்க.

மச்சான் வண்டி பழைய டீசல், வாரத்துக்கு வாரம் கருக்கும், அவனுக்கு சோப்பும் பிரஷ்ஷுமே போதும், பேஸ்ட் போட்டா அடுத்த வெள்ளிக்கிழமையே வேஸ்ட். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புது புகை விதிப்படி செஞ்ச) டீசல்ல கரிய புடிக்கற ஃபில்டர் இருக்கறதால முனை கருக்கறது ரொம்ப கம்மி. என்ன மாதிரி பெட்ரோல் டர்போ வச்சிருக்கறவங்க வாரம் ஒரு தடவ சோப்பு, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ பேஸ்ட், இதுதான் என் கணக்கு. பாடிக்கு போடற மெழுகு இங்க நிக்காது, சூட்டுல உருகி ஓடிடும்.

மத்த மூணு கட்டத்தையும் அடுத்த வாரமே பேஸ்ட் போட்டு ஒண்ணாக்கிட்டேன். அதுக்கு நடுவுல பாண்டியில புகை சர்டிபிகேட் எடுக்க போனப்ப அந்த பையன் குழாய்ல கம்பிய சொருக வந்தவன் நின்னு பாத்துட்டு, "என்னண்ணே, கால்வாசி தொடச்சுட்டு மழை வந்துருச்சா"ன்னு கேட்டான்.